கையெழுத்துப் போட மனசு வரலையா, தங்கச்சி?

வேலையை விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சம்பளத்தில் குறை இல்லை. ‘அக்கா, அந்தப் பொய்ய இன்னொரு தடவ என் வாயால சொல்ல முடியாதுக்கா’ என்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்குப் பார்க்கிறவள் நான். வேலையில் சேருகிறவர்களும் விடுகிறவர்களும் என் மேஜையைத் தாண்டித்தான் போகிறார்கள். யார் நிம்மதியாகப் போனார்கள், யார் ஆறு மாதம் கழித்துக் கடன் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள் என்று பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். உனக்கென்று ஒரு அக்கா இருந்தால் அவளே சொல்லியிருப்பாள். இல்லையென்றால் என்னை அப்படி வைத்துக்கொள்.

மனசாட்சிக்காக வேலையை விடுவது சரியான காரியம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை, சம்மதமா என்று கேட்கப்படாமலேயே, வீட்டில் இன்னொருத்தர் கட்டும்படி ஆகிவிடக் கூடாது. நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

யார் கை, யார் வாய்?

எந்த ஆபீசிலும் நமக்குப் பிடிக்காதது பத்து நடக்கும். அதில் எது உன் கையால் நடக்கிறது என்று முதலில் பிரித்துப் பார். உன் கையெழுத்து, உன் வாய்ச்சொல், உன் பெயரில் போகிற வசூல் சீட்டு. இந்த மூன்றில் ஒன்று பொய்க்கோ கொடுமைக்கோ போகிறதென்றால் அது உன் கணக்கு.

முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திண்ணையில் மடியில் சுளகோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சுளகில் வெட்டின இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். பேச்சு பாட்டுக்குப் பேச்சு, விரல் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அந்தத் தெருவில் குழுக்கடன் வசூல் கூட்டம் நடத்தப் போகிற பிள்ளைக்கு மேலே இருந்து ஒரு உத்தரவு வரும்: ‘ஒருத்தி தவணை கொண்டு வரலன்னா மத்த யாரையும் எந்திரிக்க விடாத.’ எல்லாரையும் உட்காரவைத்தால் நனைத்து வைத்த இலை காய்கிறது. காய்ந்த இலை மடக்கினால் உடையும். கட்ட முடியாதவள் ஒருத்திக்காகத் தவணையோடு வந்த அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போச்சு. உட்காரவைத்தவள் அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், இறங்காது. அந்தப் பிள்ளையிடம் ‘எல்லா வேலையும் இப்படித்தான், பழகிக்கோ’ என்று சொல்ல என்னால் முடியாது.

அவளிடம் நான் சொல்வது வேறு. நீ ரொம்ப இளகின மனசுக்காரி என்பதால் வந்த தொந்தரவு இல்லை இது. உன் கம்பெனியைக் கட்டுப்படுத்துகிற விதியே உன் பக்கம்தான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் போட்ட நுண்கடன் விதிகளில் எல்லாம் எழுதியிருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவருக்கு போன் போடக் கூடாது. குறித்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்குப் போய் வசூல் கேட்கலாம். மிரட்டல், கெட்ட வார்த்தை கூடாது. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகும்படி கடன் தரவும் கூடாது. உன் தொழிலுக்கு உள்ள விதி என்ன என்று தெரிந்துவைத்துக்கொள். ‘எனக்குப் பிடிக்கல’ என்று சொல்வதற்கும் ‘இது விதிக்கு விரோதம்’ என்று சொல்வதற்கும் எதிரே இருக்கிறவர் கேட்கிற தோரணையே வேறாக இருக்கும்.

மேனேஜரின் வாய், டார்கெட் நெருக்கடி, லீவு தராதது, பதவி உயர்வில் ஓரவஞ்சனை, இதெல்லாமும் கஷ்டம்தான். அதற்காகவும் வேலை மாறலாம். ஆனால் அந்த அலுப்புக்கு மனசாட்சி என்று பேர் வைத்துக்கொண்டு ஒரே நாளில் கடிதத்தை நீட்டாதே. அதற்கு அடுத்த வேலையைப் பார்த்துவிட்டு ஆற அமரப் போகலாம்.

முதலில் எழுத்தில் கேள்

தப்பான உத்தரவு எப்போதும் வாய்ச்சொல்லாகத்தான் வரும். அதைத் தாளுக்குக் கொண்டு வா. வங்கியில் வேலை என்றால் இப்படி: ‘நேற்று நீங்கள் போனில் சொன்னபடி, பயிர்க்கடன் கேட்டு வருகிறவர்களிடம் காப்பீட்டு பாலிசி எடுத்தால்தான் கடன் கிடைக்கும் என்று சொல்ல வேண்டுமா? உறுதி செய்து பதில் அனுப்பினால் அதன்படி நடக்க உதவியாக இருக்கும்.’ இவ்வளவுதான் மெயில். கோபம் வேண்டாம், அறிவுரை வேண்டாம். நிறைய இடத்தில் இந்த மெயிலுக்குப் பதிலே வராது, உத்தரவும் மெல்லக் காணாமல் போகும். சில இடத்தில் உன்னை வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள். பிரிவு மாறியதும் பிரச்சினை தீர்ந்தால் வேலையை விட வேண்டிய அவசியமே இல்லை. அதையும் மீறி ‘சொன்னதச் செய்’ என்றால் விடுகிற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம், உன் கையில் ஒரு தாளும் இருக்கும்.

கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலையோ கோப்புகளையோ பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதே. நியாயம் உன் பக்கம் இருந்தும் திருட்டுப் பட்டம் உன் பெயரில் வரும். நீ அனுப்பின கடிதம், உனக்கு வந்த உத்தரவு, நாள், நேரம் ஆகியவற்றை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

கமலாவின் இடத்திலிருந்து பார்

நம் திருநெல்வேலிப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. தென்காசிக்காரர் டி.எஸ். சொக்கலிங்கம். 1934-ல் தினமணி தொடங்கியபோது அதன் ஆசிரியர். சுதந்திரப் போராட்டக் காலத்துப் பத்திரிகைக்காரர்களில் அவருக்கு நிகராகச் சொல்லச் சிலரே உண்டு. 1943-ல் நிர்வாகத்தோடு ஒத்துப்போக முடியாமல் அவர் தினமணியை விட்டு விலகினார். அவரோடு ஆசிரியர் குழுவில் இருந்த சிலரும் வெளியே வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் புதுமைப்பித்தன். சொக்கலிங்கம் 1944-ல் ‘தினசரி’ என்று புதிதாக ஒரு நாளிதழ் தொடங்கினார், புதுமைப்பித்தன் அதில் சேர்ந்தார்.

புதுமைப்பித்தன் நம் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து 1931-ல் பி.ஏ. முடித்தவர். அப்பா தாசில்தார். அந்தக் காலத்து தாசில்தார் மகன், அதுவும் பட்டம் வாங்கினவன், சர்க்கார் உத்தியோகம் பார்க்காமல் எழுத்தே பிழைப்பு என்று சென்னைக்கு ரயில் ஏறினார் என்றால் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் போனவர் தினமணியில்தான் கொஞ்சம் கால் ஊன்றியிருந்தார். அதையும் விட்டார். அதுவும் போர்க்காலத்தில், அரிசியும் துணியும் விலையேறிக் கிடந்த நேரத்தில்.

அவர் செய்தது பெரிய காரியம். தன் ஆசிரியர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்பி, மாதச் சம்பளத்தை உதறிவிட்டு நின்றார். நான் அவரை மனசாரக் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு அக்காவாக எனக்கு அவருடைய மனைவி கமலாவின் பக்கம்தான் கண் போகிறது. திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் அவர் நெடுநாள் இருக்க, இவர் சென்னையிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலாக வந்திருக்கின்றன. அன்பும் ஏக்கமும் நிறைந்த கடிதங்கள். கூடவே பக்கத்துக்குப் பக்கம் பணக் கவலை: அனுப்ப முடியாத பணம், வரவேண்டிய பணம், வந்துவிடும் என்ற நம்பிக்கை. கமலாவும் கதை எழுதியவர், கணவரின் மனசு தெரிந்தவர். தெரிந்திருந்தாலும் அடுப்பு எரிய வேண்டுமே. தினசரியையும் விட்டு, சினிமாவுக்கு வசனம் எழுதப் போய், சொந்தப் படக் கம்பெனிக்கும் முயன்று, காசநோயோடு திருவனந்தபுரத்துக்கு வந்து, 1948-ல் இறந்தபோது அவருக்கு வயது 42. மகள் தினகரி சின்னக் குழந்தை.

காசநோய்க்குக் காரணம் ராஜினாமா என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். அந்தக் காலத்தில் தமிழில் எழுதிப் பிழைத்தவர்கள் எல்லாருக்கும் வறுமைதான். நான் சொல்ல வருவது இதுதான்: அவருக்கு அன்றைக்கு பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, பணிக்கொடை இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. இத்தனையும் பின்னால் வந்த தொழிலாளர் சட்டங்கள் நமக்கு வாங்கித் தந்தவை. கமலாவுக்கு இல்லாத அந்தப் பாதுகாப்பு உனக்கு இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளாமல் ரோஷத்தில் எழுந்து போவது அவர்கள் பட்ட பாட்டுக்கே மரியாதை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொக்கலிங்கம் போனபின் தினமணிக்கு ஆசிரியரானவர் ஏ.என். சிவராமன். அவரும் நம் பக்கத்து ஆம்பூரில் வளர்ந்தவர்தான். 1987 வரை, நாற்பது ஆண்டுக்கு மேல், அந்த நாற்காலியில் இருந்து எத்தனையோ பேருக்கு உலக விஷயத்தைத் தமிழில் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். போனவரையும் நம் ஊர் மதிக்கிறது, இருந்தவரையும் மதிக்கிறது. வீட்டில் ஒற்றைச் சம்பளம் உன்னுடையதுதான், அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்றால் நீ இன்றைக்கு வேலையை விடாததால் கோழை ஆகிவிட மாட்டாய். தப்பான தாளில் மட்டும் கையெழுத்துப் போடாமல் இருந்து, வேறு வேலை தேடு. அதுவும் மனசாட்சியோடு வாழ்வதுதான்.

அரிசிக்கு வழி செய்துவிட்டு

தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை எல்லாரும் வ.உ.சி.யின் பேச்சாகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். வ.உ.சி. மேடையில் மட்டும் நிற்கவில்லை. வெளியே வந்தவர்கள் வீட்டில் அடுப்பு எரிய நிதி திரட்டினார், ஊர்க்காரர்களை உதவச் சொன்னார். அதனால்தான் அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது. கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து கூலியை உயர்த்திக் கொடுத்தது, வார விடுமுறையும் கிடைத்தது.

நீயும் அதைத்தான் செய்ய வேண்டும். ஒரு முழு மாதம் வீட்டுச் செலவை எழுது. அரிசி, மளிகை, கேஸ், கரண்டு, பள்ளிக்கட்டணம், வண்டித் தவணை, நகைக்கடன் வட்டி, அம்மாவின் பிரஷர் மாத்திரை, கல்யாண மொய். மொய்யை விட்டுவிடாதே, நம் ஊரில் வைகாசியும் ஆவணியும் வந்தால் அது ஒரு தனிச் செலவு. அப்படி வருகிற தொகையைப் போல ஆறு மடங்கு கையில் இருந்தால் தைரியமாகப் போகலாம். மூன்று மடங்கு இருந்தால் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே போ. அதுவும் இல்லையென்றால் இன்றைக்கே சேர்க்கத் தொடங்கு, விடுகிற தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள். தேதி ஒன்று இருந்தாலே மனசு பாதி ஆறும்.

வயல் உள்ள வீடென்றால் பிசான அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்கு வந்தபின் விடுவது நல்லது. நடவுக்குக் கைக்காசு போடுகிற மாதத்தில் சம்பளத்தையும் நிறுத்தினால் இரண்டு பக்கமும் இடிக்கும். சீட்டுப் போட்டிருக்கிறாயா? எடுக்காத சீட்டு என்றால் ஏலத்தில் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று கணக்குப் பார். எடுத்த சீட்டு என்றால் மிச்சத் தவணையையும் அந்த ஆறு மாதச் செலவில் சேர். மகளிர் குழுவில் உன் பெயரில் கடன் ஓடினால் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. நீ எந்தக் கொடுமையைச் செய்ய மாட்டேன் என்று வேலையை விடுகிறாயோ, அதே கொடுமை உன் வாசலுக்கு வந்து நிற்கக் கூடாது.

தாள்கள்

இது என் வேலை, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் நீ சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட நியமன ஆணையைத் தேடி எடு. நோட்டீஸ் காலம் ஒரு மாதமா மூன்று மாதமா என்று அதில்தான் இருக்கும். குறைத்துக்கொண்டு போனால் அந்த நாட்களின் சம்பளத்தைப் பிடிப்பார்கள். மிச்சம் இருக்கிற லீவை அதில் கழிக்க முடியுமா என்று கேள். பாண்ட் போட்டிருந்தால் அலட்சியம் வேண்டாம். விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், மூன்று ஆண்டுக்கு முன் போனால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சொல்லியிருக்கிறது. எல்லா பாண்டும் செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு வக்கீலிடம் தாளைக் காட்டிவிட்டு முடிவு செய்.

சில தனியார் பள்ளிகளிலும் நிறுவனங்களிலும் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் கிடையாது, நீதிமன்றங்களும் அதைச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் வழக்குக்கு அலைவதை விட, ராஜினாமாவைப் பற்றி வாய் திறக்கும் முன்பே வேறு தேவையைச் சொல்லி வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். அப்படி ஒரு தேவை உண்மையிலேயே இருக்கும், பொய் சொல்ல வேண்டாம்: வங்கியில், பாஸ்போர்ட்டில், தேர்வுக்கு விண்ணப்பிப்பதில் ஏதாவது ஒன்றுக்கு அசல் கேட்பார்கள்.

பணிக்கொடையை நிறையப் பேர் நாலரை வருஷத்தில் தொலைக்கிறார்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்கு. 18,000 ரூபாய்க்கு ஐந்து ஆண்டு என்றால் ஏறக்குறைய 51,900 ரூபாய். நாலு வருஷத்துக்கு மேல் ஐந்தாம் வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலும் ஐந்து ஆண்டாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உனக்கு அந்த நாள் நெருங்குகிறதென்றால், தாங்க முடிகிற அளவு வரைக்கும் தாங்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போ.

பி.எஃப். பணத்தைக் கிடைத்த உடனே உருவிவிடாதே. ஐந்து ஆண்டு முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. மொத்தம் பத்து ஆண்டு சேர்ந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு, இடையில் எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அடுத்த வேலைக்கு அதே யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொள். உன் ஆதாரில் உள்ள பெயரும் பி.எஃப். கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார். இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால் என்று மாறிக் கிடந்ததால் அலைந்தவர்கள் என் மேஜைக்கு முன்னால் நிறையப் பேர் அழுதிருக்கிறார்கள். கம்பெனி உன் விலகல் தேதியைப் பதியாமல் இழுத்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீயே பி.எஃப். இணையதளத்தில் பதியலாம்.

மருத்துவம். சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், வேலை போன அன்றே அந்த உரிமை போய்விடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது சந்தா போயிருந்தால் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை சிகிச்சை உண்டு. அதனால் செப்டம்பர் முடிவில் விடுகிறவளுக்கு மறுவருஷம் ஜூன் வரை வண்ணார்பேட்டை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆபீஸ் குழுக் காப்பீடு என்றால் கடைசி நாளோடு முடியும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசியாக மாற்றித் தரச் சொல்லி, விடுவதற்கு முன்பே எழுதிக் கேள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பி.

ராஜினாமா கடிதம் நாலு வரி போதும். ‘சொந்தக் காரணங்களால் இந்தத் தேதியிலிருந்து பணியிலிருந்து விலகுகிறேன். நோட்டீஸ் காலம் இந்தத் தேதியோடு முடிகிறது. என் பொறுப்பில் உள்ளவற்றை ஒப்படைத்துவிடுகிறேன். இதுவரை தந்த வாய்ப்புக்கு நன்றி.’ உண்மையான காரணத்தை எழுத வேண்டாமா என்று கேட்பாய். எழுது, ஆனால் தனிக் கடிதமாக, நடந்ததையும் நாளையும் மட்டும் போட்டு, மேலிடத்துக்கு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் உன் புகாரைக் கோபத்தில் எழுதியது என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டுக்கும் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோ பதில் மெயிலோ வாங்கு. கடைசி நாளில் விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பாக்கி இல்லை என்ற தாள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. ‘நாற்பத்தஞ்சு நாள் ஆகும்’ என்று ஹெச்.ஆர். சொன்னால் இதைப் பணிவாக நினைவுபடுத்து.

போகும் முன் கட்டிவிட வேண்டிய கடன்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நீ இத்தனை நாள் அந்த வேலையில் இருந்திருக்கிறாய். உன் வாய்ச்சொல்லை நம்பிச் சிலர் தாளில் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். நீ மட்டும் வெளியே வந்து மூச்சு விட்டால் அவர்கள் உள்ளேதானே இருக்கிறார்கள்?

காப்பீட்டு பாலிசி என்றால் தாள் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரலாம். கட்டின பணத்தில் சிறு பிடித்தம் போக மிச்சம் வந்துவிடும். நகைக்கடனுக்கு வந்த பெரியவர் ஒருவரிடம் நீ பாலிசியைத் தள்ளியிருந்தால், நாள் கடக்கும் முன் அவரிடம் இதைச் சொல். வேலையில் இருக்கும்போதே சொல்லலாம், அது அவருடைய உரிமை, ரகசியம் கிடையாது. வசூலில் மிரட்டப்பட்டவர்களிடம், முதலில் அந்த நிறுவனத்துக்கே புகார் எழுதச் சொல். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்றும், 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம் என்றும் எழுதிக் கொடு. படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை கையில் கொடு.

வீட்டில் சொல்வது

கணவரிடமோ அப்பாவிடமோ ‘விட்டுட்டேன்’ என்று சொல்லாதே, ‘விடப்போறேன்’ என்று சொல். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர்களுக்கு மரியாதை இருக்கிறது. செலவுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, விருந்தாள் இல்லாத ஒரு சாயங்காலம் உட்கார வைத்துப் பேசு. வசூல் கூட்டம் என்றால், எல்லாரையும் உட்காரவைத்ததைப் பற்றி, காய்ந்த இலையைப் பற்றி, கட்ட முடியாதவளைப் பற்றிச் சொல். கொள்கை என்று பேசினால் அப்பாக்கள் எதிர்வாதம் பண்ணுவார்கள். நடந்ததைச் சொன்னால் ‘அந்தப் பாவத்த நாம ஏம்மா சொமக்கணும்’ என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

‘உங்களால ஆறு மாசம் எதை விட்டுக்கொடுக்க முடியும்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேள். மாமியார் சொல்வதையும் எழுது. எதையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று ஒருவர் சொன்னால் அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. அப்போது உன் தேதியைத் தள்ளிப் போடு, முடிவை மாற்ற வேண்டாம்.

கல்யாணப் பேச்சு நடக்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பெண் வீட்டுக்காரர்கள் உன் உத்தியோகத்தைக் கேட்டுத்தான் வருவார்கள். வேலையை விடுவது நிச்சயதார்த்தத்துக்குப் பின் தெரிய வந்தால் அது நம்பிக்கைத் துரோகமாகத்தான் அவர்களுக்குப் படும். முதல் பேச்சிலேயே காரணத்தோடு சொல்லிவிடு. விலகிப் போகிறவர்கள் போகட்டும். காரணத்தைக் கேட்டபின்னும் பெண் கொடுக்க வருகிற வீடு, நாளைக்கு ஒரு கஷ்டத்திலும் உன்னோடு நிற்கும்.

ஊர் கேட்கும். ‘என்ன தாயி, வேலைய விட்டுட்டியாமே?’ என்று பலசரக்குக் கடை அண்ணாச்சி முதல் கோயில் வாசல் பூக்காரம்மா வரை கேட்பார்கள். ‘ஆமா அண்ணாச்சி, ஒத்துவரல, வேற பாத்துட்டு இருக்கேன்’ என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். கம்பெனியின் பெயரைச் சொல்லித் தெருவில் ஏசாதே. அங்கே இன்னும் உன்னைப் போலவே மனசு கேட்காமல், விட முடியாமல், நாலு பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு உன் எண்ணைக் கொடுத்துவிட்டு வா. அவர்கள் கேட்டு வரும்போது இந்தத் தாள் விவரங்களை நீ சொல்லிக் கொடுக்கலாம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், உன்னுடையது காலாவதி ஆகியிருக்கிறதா என்று இந்த வாரமே பார். அவர்கள் நடத்துகிற தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போ. நேர்காணலில் ‘ஏன் விட்டீங்க?’ என்று கேட்டால் பழைய கம்பெனியைக் குறை சொல்லாமல், ‘விதிப்படி வேலை பார்க்கிற இடம் தேடுறேன்’ என்று நேராகச் சொல். அந்தப் பதில் பிடிக்காத முகம் எதிரே இருந்தால், அங்கே சேராமலேயே வந்துவிடலாம்.